கடலுக்கடியில வீடு ரெடி, மெயின்டனன்ஸ் யாரு பாக்குறது?

போன இதழ்ல கடலுக்கடியில நாள் கணக்கா தங்கி ஆராய்ச்சி பண்றவங்களப் பத்தி ஒரு சின்ன குறிப்பு போட்டிருந்தோம். அதோட கடைசி வரி "கூடவே ரெண்டு டெக்னீஷியன்களும் தங்குவாங்க". வந்த கடிதங்கள்ல விஞ்ஞானிகளப் பத்தி யாருமே கேக்கல, எல்லாம் அந்த ரெண்டு பேரப் பத்திதான். ஒரே மாதிரி இருந்த கேள்விகள ஒண்ணா சேத்து பதில் சொல்லியிருக்கேன்.

கேள்வி: நான் டிப்ளமோ மெக்கானிக்கல் படிக்கிறேன். விஞ்ஞானி பவளப்பாறையப் பாக்குறாரு, மீனப் பாக்குறாரு, சரி. டெக்னீஷியன் அங்க எதப் பாப்பாரு?

காத்தப் பாப்பாரு. இதான் பதில், ஆனா ஒரு வரில விட்டா நீங்க திட்டுவீங்க.

அக்குவேரியஸ்னு ஒரு கடலடி ஆராய்ச்சி வீடு இருக்கு (இந்த மாதிரி வீட்டுக்கு ஹாபிடட்னு பேரு), அமெரிக்காவுல ஃப்ளோரிடா கீஸ் பக்கம், கீ லார்கோவுக்கு வெளிய கடல்ல, சுமார் 19 மீட்டர் ஆழத்துல. பெரிய இரும்பு சிலிண்டர், ஏறக்குறைய 13 மீட்டர் நீளம், ஆறு பேரு படுக்க பங்க் படுக்கை. வழக்கமா நாலு பேரு ஆராய்ச்சிக்கு வர்றவங்க, ரெண்டு பேரு ஹாபிடட் டெக்னீஷியன். மேல கடல்ல ஒரு பெரிய மிதவை, அதுல ஜெனரேட்டர், கம்ப்ரெசர் எல்லாம் ஓடும், அங்கேர்ந்து குழாயும் கேபிளும் கீழ வரும், அதுக்கு அம்பிலிக்கல்னு பேரு. கரையில ஒரு வாட்ச் டெஸ்க், அங்க ராத்திரி பகலா ஒருத்தர் உக்காந்து கீழ இருக்குற ரீடிங் அத்தனையும் பாத்துட்டே இருப்பாரு, இதுவும் அந்த டெக்னீஷியன் கோஷ்டியோட வேலைதான், முறை வச்சு உக்காருவாங்க.

இப்ப காத்துக்கு வருவோம். ஒரு ஆளு ஒரு நாளைக்கு மூச்சுல வெளிய விடுற கார்பன் டை ஆக்ஸைடு ஏறக்குறைய ஒரு கிலோ. ஆறு பேருன்னா ஆறு கிலோ, மூடின சிலிண்டருக்குள்ள. இத உறிஞ்ச ஸ்க்ரப்பர்ல சோடா லைம்னு வெள்ளைக் குருணை போடுவாங்க, அது தீர்றதுக்குள்ள மாத்தணும். மாத்துறது சுலபம், எப்ப மாத்தணும்னு தெரியறதுலதான் வேலையே இருக்கு. ஏன்னா மீட்டர்ல 0.5 சதவீதம்னு காட்டும், புதுசா வந்தவரு "அரை சதவீதம்தானே"ன்னு விட்டுருவாரு, ஆனா உள்ள அழுத்தம் மேல இருக்குறத விட சுமார் ரெண்டரை மடங்கு, அதனால அந்த அரை சதவீதம் உடம்புக்கு மேல 1.25 சதவீதம் சுவாசிச்ச மாதிரி. அனுபவசாலி சதவீதத்தப் பாக்க மாட்டாரு, பகுதி அழுத்தத்தப் பாப்பாரு, அதாவது மொத்த அழுத்தத்துல அந்த ஒரு வாயுவோட பங்கு. பள்ளிக்கூடத்துல டால்டன் விதின்னு படிச்சு பரீட்சையோட மறந்தோம்ல, அங்க அது தினசரி சமாச்சாரம்.

மிச்ச நேரம்? ஈரப்பதம் ஏறாம ஏசி ஓடுதான்னு பாக்கணும், ஏன்னா நனைஞ்ச உடம்போட ஆளுங்க உள்ள வந்துட்டே இருப்பாங்க, எதுவும் காயாது. டைவிங் போறவங்களோட ரெகுலேட்டர், டேங்க், மாஸ்க் செக் பண்ணணும், யாரு எப்ப கிளம்பினாங்க எப்ப திரும்பணும்னு போர்டுல எழுதி வச்சு கண்ணு வச்சிருக்கணும், திரும்ப வர்றவங்கள வெட் போர்ச்சுல, அதாவது தண்ணிலருந்து ஏறி வர்ற வாசல் அறையில, கை குடுத்து ஏத்தணும். வெளிய போயி ஜன்னல் மேல படிஞ்ச பாசியத் தேய்க்கணும், கடல்ல எத வச்சாலும் ஒரு வாரத்துல அது மேல ஏதாச்சும் முளைக்க ஆரம்பிச்சுரும். நடுவுல ஒரு விஞ்ஞானியோட கேமரா ஹவுசிங்ல தண்ணி பூந்துரும், அவரு அழாத குறையா வருவாரு, தண்ணி புகாம அடைக்குற ரப்பர் வளையத்த, ஓ-ரிங்க, கழட்டி விரலால தடவிப் பாத்தா ஒத்த முடி ஒட்டியிருக்கும். அந்த ஒத்த முடிதான் காரணம்.

கேள்வி: அந்த வீட்டுக்கு அடியில திறந்த ஓட்டை இருக்காமே, தண்ணி உள்ள ஏறாதா?

ஏறாது, உள்ள காத்தோட அழுத்தமும் அந்த ஆழத்துல தண்ணியோட அழுத்தமும் சமமா இருக்குற வரைக்கும். மூன் பூல்னு சொல்லுவாங்க அந்த வாசல. காத்து லீக் ஆச்சுன்னா தண்ணி மட்டம் ஏறும், அதனால அந்த மட்டத்த ஓரக்கண்ணால பாத்துக்கிட்டே இருக்குறது டெக்னீஷியனுக்குப் பழகிப்போன விஷயம்.

கேள்வி: 19 மீட்டர் என்ன பெரிய ஆழமா? தினமும் காலையில போயிட்டு சாயங்காலம் வந்துட வேண்டியதுதானே, எதுக்கு அங்கேயே படுத்துத் தூங்கணும்?

நல்லா கேட்டீங்க, இந்த வேலை இருக்குறதுக்கு காரணமே இதுல இருக்கு.

அழுத்தத்துல இருக்கும்போது நைட்ரஜன் ரத்தத்துலயும் தசையிலயும் கரையும். மேல திடீர்னு வந்தா அது குமிழா வெளிய வரும், மூட்டு வலில ஆரம்பிச்சு பக்கவாதம், சாவு வரைக்கும் போகலாம். அதனால மேலருந்து டைவ் பண்றவங்களுக்கு அந்த ஆழத்துல ஒரு மணி நேரம் வேலை கிடைக்குறதே பெருசு. ஆனா தண்ணில உப்பு போட்டுக்கிட்டே இருந்தா ஒரு கட்டத்துக்கு மேல கரையாதுல்ல, அதே மாதிரி ஏறக்குறைய ஒரு நாள் அங்கேயே இருந்துட்டா உடம்பு எவ்ளோ நைட்ரஜன் எடுக்கணுமோ எடுத்து முடிச்சுரும். அதுக்கப்புறம் 10 நாள் இருந்தாலும் சரி, 2014ல ஃபாபியன் கூஸ்டோ இருந்த மாதிரி 31 நாள் இருந்தாலும் சரி, மேல வர்றதுக்கு ஆகுற டீகம்ப்ரஷன் நேரம், அதாவது அழுத்தத்த மெதுவா குறைக்குற நேரம், பெருசா மாறாது, ஒரு நாளுக்குள்ள முடிஞ்சுரும். சாச்சுரேஷன் டைவிங்னா இதான். அதுல கிடைக்குற லாபம், ஒரு நாளைக்கு பல மணி நேரம் வெளிய போயி வேலை பாக்கலாம்.

நஷ்டம் என்னன்னா, ஏதாவது பிரச்சினைன்னு பதறிப்போயி மேல நீந்த முடியாது. தலைக்கு மேல 19 மீட்டர்ல வெளிச்சமும் படகும் தெரியும், ஆனா நேரா போனா ஆள் காலி. அதான் தரையில கயிறு கட்டி வழி போட்டிருப்பாங்க, கலங்கின தண்ணில கூட கயிறப் பிடிச்சே வீட்டுக்குத் திரும்பணும்.

கடைசி நாள்தான் டெக்னீஷியனோட பெரிய நாள். மொதல்ல உள்ள இருக்குற ஒவ்வொரு டப்பா, பாட்டில், கிரீம் ட்யூப் வரைக்கும் மூடியத் தளர்த்தி விடணும், ஏன்னா அழுத்தம் குறையும்போது மூடின எல்லாம் வீங்கும். அப்புறம் எல்லாரும் உள் அறைக்குப் போயி கதவ அடைப்பாங்க. வீடு கடலடியிலயே இருக்கும், நகராது, உள்ள இருக்குற காத்தோட அழுத்தத்த மட்டும் கொஞ்சம் கொஞ்சமா தரைமட்டத்துக்குக் கொண்டு வருவாங்க, சுமார் 17 மணி நேரம். ஆரம்பத்துல மாஸ்க்ல ஆக்ஸிஜன் குடுப்பாங்க, அப்புறம் படுத்துக்கலாம், சினிமா பாக்கலாம். டெக்னீஷியன் மட்டும் அட்டவணையையும் கடிகாரத்தையும் விட மாட்டாரு, அட்டவணைல போட்ட நிமிஷத்துக்கு முன்னாடி ஒரு துளி அழுத்தம் கூட இறங்கக் கூடாது. முடிஞ்சதும் வேடிக்கையான ஒரு கட்டம் வரும்: இப்ப உள்ள தரைமட்ட அழுத்தம், வெளிய கடலோட அழுத்தம், கதவு திறக்காது. அதனால திரும்ப வேகமா உள்ள காத்தடிச்சு சமமாக்கி, கதவத் திறந்து, புதுசா நைட்ரஜன் சேர்றதுக்குள்ள எல்லாரும் மேல நீந்திப் போயிடணும். 17 மணி நேரம் பொறுமையா இருந்துட்டு கடைசி சில நிமிஷம் மட்டும் ஓட்டம்.

கேள்வி: பிளஸ் டூ மாணவி நான். பொண்ணுங்க இந்த வேலைக்குப் போயிருக்காங்களா?

1970லயே. வர்ஜின் தீவுகள்ல டெக்டைட் 2ன்னு ஒரு திட்டம், அதுல பெண்கள் மட்டுமே இருந்த ஒரு குழு ரெண்டு வாரம் கடலடியில தங்குச்சு. தலைவி கடல் விஞ்ஞானி சில்வியா ஏர்ல், அவங்க பேரு எல்லாருக்கும் தெரியும். நீங்க ஞாபகம் வச்சுக்க வேண்டிய பேரு மார்கரெட் ஆன் லூக்காஸ், அந்தக் குழுவோட எஞ்சினியர். அஞ்சு பேர்ல நாலு பேரு விஞ்ஞானி, வீட்டோட எந்திரங்கள் அத்தனையும் அவங்க பொறுப்பு. அன்னிக்கு பத்திரிகைகள் அவங்க தலைமுடிய எப்படி காய வைப்பாங்கன்னு கேட்டுட்டிருந்துச்சு, ஸ்க்ரப்பர யாரு பாத்துக்கிட்டாங்கன்னு கேட்டிருந்தா இந்தப் பேரு இன்னும் கொஞ்சம் பிரபலமாயிருக்கும்.

கேள்வி: இதுக்குன்னு தனி கோர்ஸ் இருக்கா? என்ன படிக்கணும்?

"ஹாபிடட் டெக்னீஷியன்"னு ஒரு டிகிரி கிடையாது. யாராவது விளம்பரம் போட்டா பணத்தக் கட்டிடாதீங்க.

இந்த வேலையில இருக்குறவங்க வேற வேற வழியில வந்தவங்க: கடற்படை டைவர், கமர்ஷியல் டைவர், சயின்டிஃபிக் டைவர், எலக்ட்ரீஷியன், மெஷினிஸ்ட். பொதுவா ரெண்டு கால் வேணும். ஒரு கால் டைவிங், பொழுதுபோக்கு கார்டு போதாது, சயின்டிஃபிக் டைவிங்கோ கமர்ஷியல் டைவிங்கோ முறையா பயிற்சி எடுத்து, லாக் புக்ல விதவிதமான தண்ணில மணி நேரம் சேத்திருக்கணும். இன்னொரு கால் கைத்தொழில். கம்ப்ரெசர் பிரிச்சு மாட்டத் தெரியணும், எலக்ட்ரிகல் வேலை தெரியணும், குழாய் பிட்டிங் தெரியணும், ரெஃப்ரிஜிரேஷன் தெரிஞ்சா ரொம்ப நல்லது. என்கிட்ட கேட்டா ரெண்டாவது காலத்தான் மொதல்ல ஊனச் சொல்லுவேன். நல்ல மெக்கானிக்குக்கு டைவிங் சொல்லிக் குடுத்துரலாம், டைவர்ன்ற பந்தாவுல வர்றவருக்கு ஸ்பேனர் பிடிக்கக் கத்துக்குடுக்க வருஷம் ஆகும்.

இது ரெண்டுக்கும் மேல மூணு விஷயம். டைவர் மெடிக்கல் டெக்னீஷியன் பயிற்சி, ஏன்னா கீழ டாக்டர் கூடவே இருக்க மாட்டாரு, அடிபட்டவர உடனே மேல கொண்டு போகவும் முடியாது. சேம்பர் ஆபரேட்டர் பயிற்சி, ஆஸ்பத்திரிகள்ல இருக்குற ஹைபர்பாரிக் சேம்பர்ல (அழுத்தம் கூட்டுன காத்து அறை) கூட கத்துக்கலாம். அப்புறம் வாயு கையாளுறது: கலக்குறது, அளக்குறது, முக்கியமா ஆக்ஸிஜன் லைன் சுத்தம். அழுத்தத்துல இருக்குற ஆக்ஸிஜன் பிட்டிங்ல சாதாரண கிரீஸோ எண்ணெயோ பட்டா போதும், வால்வ வேகமா திறக்கும்போது பத்திக்கும். அதனால அந்த வேலைக்கு தனி டூல்ஸ், தனி கையுறை, தனி லூப்ரிகண்ட். இந்த ஒழுக்கம் கைக்கு வராதவங்கள எந்த சூப்பர்வைசரும் கீழ அனுப்ப மாட்டாரு.

உடம்பு பத்தி: ஆஸ்துமா, வலிப்பு, காது பிரச்சினை இருந்தா டைவிங் டாக்டர்கிட்ட மொதல்லயே போயி கேட்டுருங்க. கோர்ஸுக்குக் காசு கட்டுன அப்புறம் தெரிஞ்சா வேதனை.

கேள்வி: என் பையன் இதுக்குத்தான் போவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். நிரந்தர வேலையா? சம்பளம் எப்படி?

உண்மையச் சொல்றேன், பையன்கிட்டயும் படிச்சுக் காட்டுங்க. உலகத்துல ஆராய்ச்சிக்குன்னு பல வருஷமா நின்ன பெரிய ஹாபிடட்னா அக்குவேரியஸ் ஒண்ணுதான். அதுவே 2012ல அரசு நிதி நின்னு மூடுற நிலைமைக்கு வந்து, அப்புறம் ஃப்ளோரிடா இன்டர்நேஷனல் யுனிவர்சிட்டி எடுத்து நடத்துது. ஆக, டெக்னீஷியன் பதவிகள விரல் விட்டு எண்ணிரலாம். பல்கலைக்கழக வேலை, அதனால சம்பளமும் அந்த ரகம்தான், எண்ணெய்க் கிணறுகள்ல சாச்சுரேஷன் டைவிங் பண்றவங்க வாங்குறதோட ஒப்பிட்டா ரொம்பக் கம்மி.

ஆனா பதறாதீங்க. இதுக்காக கத்துக்குற அதே வித்தைக்கு வேற எடத்துல ஆளு தேவை இருக்கு. சாச்சுரேஷன் டைவிங் கப்பல்கள்ல லைஃப் சப்போர்ட் டெக்னீஷியன்னு ஒரு முழு தொழிலே இருக்கு, அசிஸ்டன்டா சேந்து, டெக்னீஷியனாகி, சூப்பர்வைசர் வரைக்கும் போகலாம். அங்க டைவர்கள் சேம்பருக்குள்ள வாரக்கணக்குல இருப்பாங்க, இவரு வெளிய கன்ட்ரோல் ரூம்ல உக்காந்து அவங்க மூச்சு, சூடு, சாப்பாடு, கழிவு எல்லாத்தையும் பாத்துக்குவாரு, ஷிஃப்ட் பன்னண்டு மணி நேரம். இது தவிர ஹைபர்பாரிக் சேம்பர், நீர்மூழ்கி மீட்பு, சுரங்கப்பாதை தோண்டுற மெஷினுக்கு முன்னாடி அழுத்தக் காத்துல நடக்குற வேலை, பெரிய மீன் காட்சியகங்களோட நீர் சுத்திகரிப்பு, இப்படிப் பல. பையன் இந்த வரிசைல ஏதாவது ஒண்ண அடிப்படை வேலையா வச்சுக்கட்டும், ஹாபிடட் வாய்ப்பு வந்தா போகட்டும். ஹாபிடட் மட்டும்தான்னு நின்னா அந்த ஒத்தக் கால் வலிக்கும்.

கேள்வி: இதுவரைக்கும் யாராவது இறந்திருக்காங்களா?

இறந்திருக்காங்க. 1969ல அமெரிக்க கடற்படையோட கடலடி வீடு சீலேப் 3, கலிஃபோர்னியாவுக்கு வெளிய, 180 மீட்டருக்கும் அதிக ஆழம். வீட்டுல ஹீலியம் லீக் ஆச்சு, அத சரி பண்ண இறங்குன பெரி கேனன்ற அக்வாநாட் (கடலடியில தங்குற டைவர்) இறந்தாரு. அன்னிக்கு டைவர்கள் போட்டிருந்த மூச்சுக் கருவிகள்ல ஒண்ணுல கார்பன் டை ஆக்ஸைட உறிஞ்சுற குருணையே நிரப்பப்படலைன்னு விசாரணைல வெளிவந்துச்சு. அத்தனை கோடி செலவு, அத்தனை டாக்டர்கள், அத்தனை கப்பல், ஆனா ஒரு டப்பாவ நிரப்பி டிக் அடிக்குற வேலை விட்டுப்போச்சு. சீலேப் திட்டமே அதோட முடிஞ்சுபோச்சு.

அக்குவேரியஸ்லயும் 2009ல ஒரு டெக்னீஷியன் ரீபிரீதர் (விட்ட மூச்சையே சுத்தம் பண்ணி திரும்பக் குடுக்குற கருவி) போட்டு டைவ் பண்ணும்போது இறந்திருக்காரு. 1994ல ஜெனரேட்டர் தீப்பிடிச்சு ஆளுங்கள வெளியேத்த வேண்டி வந்துச்சு. 2017ல இர்மா புயல் அந்த மிதவையையே நங்கூரத்துலேர்ந்து பிச்சு எடுத்துட்டுப் போயிருச்சு. புயல் வரும்னு தெரிஞ்சா கிளம்ப 17 மணி நேரம் தேவைப்படுற வீடு இது, அதனால வானிலை ரிப்போர்ட்ட வாட்ச் டெஸ்க் எந்த மீனவருக்கும் குறையாம பாக்கும்.

தினப்படி தொல்லை வேற: காது இன்ஃபெக்ஷன், ஆறாத சிராய்ப்பு, ஈரத்துல தோல் ஊறிப்போறது. வருஷக்கணக்கா சாச்சுரேஷன்ல இருக்குறவங்களுக்கு எலும்புத் திசு செத்துப்போற ஒரு பாதிப்பும் வரலாம், அதுக்கு அப்பப்ப ஸ்கேன் எடுக்கணும்.

கேள்வி: சுறா கடிக்காதா?

கவலையே படாதீங்க, ஸ்க்ரப்பர் மீட்டர் ரிப்பேரானா கவலப்படுங்க.

கேள்வி: இன்னும் ஆழமா, 100 மீட்டர்ல எல்லாம் வீடு கட்டலாமே?

கட்டியிருக்காங்க, ஃபாபியனோட தாத்தா ஜாக் கூஸ்டோவோட கான்ஷெல்ஃப் 3, 1965ல சுமார் 100 மீட்டர்ல இருந்துச்சு. ஆனா அங்க சாதாரண காத்து செல்லாது. ரெண்டரை மடங்கு அழுத்தத்துலயே ஆக்ஸிஜனோட பகுதி அழுத்தம் 0.5 அட்மாஸ்ஃபியரத் தாண்டுது, அதுக்கு மேல நாள் கணக்குல சுவாசிச்சா நுரையீரல் புண்ணாகும், நைட்ரஜன் வேற போதை ஏத்தும். அதனால ஹீலியம் கலக்கணும். ஹீலியம் உடம்புச் சூட்ட உறிஞ்சிரும், குரல் வாத்து மாதிரி ஆயிடும். 1965ல சீலேப் 2 முடிச்ச விண்வெளி வீரர் ஸ்காட் கார்பென்டர் ஹீலியம் சேம்பருக்குள்ளருந்து அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன்கிட்ட போன்ல பேசினாரு, பேசினது பாதி புரிஞ்சிருந்தாலே அதிசயம். டெக்னீஷியன் கணக்குல பாத்தா ஆழம் கூடக் கூட வாயு, ஹீட்டர், பேச்சு திருத்துற கருவின்னு பாத்துக்க வேண்டிய எந்திரமும் கூடுது. இப்ப பிரிட்டன்ல டீப்னு ஒரு கம்பெனி 200 மீட்டர் வரைக்கும் போற சென்டினல்னு ஒரு ஹாபிடட் திட்டம் வச்சிருக்கு, வந்தா நல்லது, புதுசா ஆளு எடுப்பாங்க.

கேள்வி: சமையல், சாப்பாடு?

தீ மூட்டக் கூடாது, அழுத்தக் காத்துல நெருப்பு வெறியா எரியும். வெந்நீர், மைக்ரோவேவ், உலர்த்தின சாப்பாடு, அவ்ளோதான். நாக்கு மந்தமாயிடும், காரம் தூக்கலா போட்டுக்குவாங்க. மேலருந்து சாமான அழுத்தம் தாங்குற பாத்திரத்துல அடைச்சு டைவர் கொண்டு வருவாரு, அத விட்டுட்டு சும்மா கொண்டு வந்த சிப்ஸ் பாக்கெட் சப்பையாயிடும். ஒரு உபரித் தகவல், அங்க விசில் அடிக்க வராது, காத்து அவ்ளோ அடர்த்தி.

கேள்வி: கூச்சமா இருக்கு, ஆனா கேட்டே ஆகணும். டாய்லெட்?

கூச்சம் எதுக்கு, நாசா ஆளுங்களே எழுதியிருக்காங்க, 2001லேர்ந்து 2019 வரைக்கும் விண்வெளி வீரர்கள அக்குவேரியஸுக்குப் பயிற்சிக்கு அனுப்பிக்கிட்டிருந்தாங்களே. உள்ள ஒண்ணு இருக்கு, ஆனா ஆறு பேரு நெருக்கியடிக்குற இரும்புக் குழாய்க்குள்ள, மறைவு குறைவு. அதனால பெரும்பாலும் வெளிய போவாங்க. கொஞ்ச தூரத்துல கெஸீபோன்னு தலைய நீட்டி காத்து வாங்குற மாதிரி ஒரு கூண்டு, அவசரத்துக்கு ஒதுங்க வச்சது, அது இதுக்கும் உதவுது. மீனுங்களுக்கு நேரம் காலம் நல்லா தெரியும், ஆளு வர்றதப் பாத்ததுமே கூட்டமா வந்து நிக்கும், சிலது அவசரப்பட்டு கடிக்கவும் செய்யும். டெக்னீஷியன்களுக்கு இதுல ஆட்சேபனையே கிடையாது, உள்ள அடைப்பு எடுக்குற வேலை ஒண்ணு மிச்சம்.